வகை தெரியாமல் தொடமாட்டான் உவைஸ்

“செருப்பு என்னுதுதான். அத்த ஒத்துக்கிறேன். மத்ததெல்லாம் பொய்யி.”

குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு தனகோடியிடம் இதைத்தான் சொன்னேன். தனகோடி எங்கள் எதிர்வீட்டுக்காரி. மனசு நல்ல மனசு, வாய்தான் வீட்டுக்குள் தங்காது. என் பேரன் உவைஸ் பொம்பளைச் செருப்பை மாட்டிக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டு, பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் வீட்டை விட்டு ஓடினான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

“நான் கண்ணால பாத்தேன் அமீனாம்மா. ‘வெயிட்டா கீதா, பளபளன்னு கீதா’ன்னு கேட்டுகினே போறான். பக்கத்துல ஆளே கெடையாது. பாக்கறவங்க இன்னா நென்ச்சிப்பாங்க?”

“சட்டப் பையில போனு கீதுன்னு நென்ச்சிப்பாங்க.”

“அதில்ல. இத்தினி நாளா வூட்டுக்குள்ள குந்திகினு பொம்ம வெளயாண்ட புள்ள, திடீர்னு...”

“பொம்ம இல்லடி அது. உனுக்கு வெளங்காது. எனுக்கே பாதிதான் வெளங்குச்சி.”

குடம் நிரம்பி வழிந்தது. அவளும் நகரவில்லை, நானும் நகரவில்லை. குழாயடியில் சொன்னது போதாது என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அதனால் முழுசாகச் சொல்கிறேன், ஹனியா எழுதிக்கொள்கிறாள். ஹனியா உவைஸின் மனைவி. தன்னைப் பற்றி நான் நல்லதாக எது சொன்னாலும் அதைக் குறைத்து எழுதக்கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

உவைஸ் என் மகன் ரஹ்மத்துல்லாவின் பிள்ளை. மகனும் மருமகளும் மதுராந்தகத்தில் நெல் வியாபாரத்தோடு இருக்கிறார்கள். இவன் மட்டும் பள்ளிக்கூடத்துக்காகச் செங்கல்பட்டில் என்னிடம் வந்தான். வந்தவன், நன்னிமா நன்னிமா என்று என்னோடே தங்கிவிட்டான். கொளவாய் ஏரிக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் சின்னதாகச் சிரிக்கும்.

சின்ன வயதில் அவனுக்கு ஒரு பழக்கம். எந்தப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தாலும் கவிழ்த்துப் பார்ப்பான். எவர்சில்வரில் பெயர் வெட்டியிருப்பார்களே, அதைப் படிக்க. கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்து என் மானத்தை வாங்கியிருக்கிறான். எனக்கு எழுத்து தெரியாது. பரணில் கிடந்ததில் எது என் தாய் வீட்டுச் சீர், எது மாமியார் வைத்துவிட்டுப் போனது என்று அவன் படித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு தூக்குச்சட்டியில் தனகோடியின் மாமியார் பெயர் இருந்தது. அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தனகோடி இன்றுவரை அதை மறக்கவில்லை, அது வேறு கதை.

வளர்ந்து மறைமலைநகரில் காருக்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனிக்குப் போனான். அங்கேயும் இதே வேலைதான். ஒரு பாகம் மிஷினில் ஏறுவதற்கு முன்னால் அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, இது இந்த வண்டிக்குரியதுதானா என்று பார்த்து அனுப்ப வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் நன்னிமா, ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்பான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு மோட்டார் சைக்கிளில் போனான். திரும்பி வரும்போது நல்ல மழை. மாடு குறுக்கே வந்தது. வண்டி சறுக்கி இடது தோள் தரையில் மோத விழுந்தான். எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்பு சேரவில்லை. கை இருக்கிறது, ஐந்து விரலும் இருக்கிறது. கூப்பிட்டால்தான் வராது. தூங்கும்போது அந்தக் கையை அவன் மார்பின் மேல் எடுத்து வைப்பேன். வேறு யாரோ ஒருவருடைய கை இவனிடம் வந்து தூங்குவது போல இருக்கும்.

கட்டு பிரித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனான். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யத் தொட்டியோரம் உட்கார்ந்து ஒரு கையால் தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான், ஆனால் முடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், பாவம், நல்ல மனுஷர், கேட்காமலே இவன் கையைப் பிடித்து, மொண்டு ஊற்றி, முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டார். மய்யித்தை, செத்த உடம்பை, குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது நன்னிமா என்று ஒரே ஒருமுறை சொன்னான். தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். பிறகு அதை மாட்டவே இல்லை.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள், ஒரு கையால் செய்கிற வேலை தருகிறோம் என்றார்கள். போகவில்லை. கறிக்கடைக்குப் போகவில்லை, முடிவெட்டப் போகவில்லை. வாசற்படிவரை வருவான், தெருவைப் பார்ப்பான், திரும்பிவிடுவான். அந்தச் செருப்பு வெயிலில் காய்ந்து வளைந்து போனது. ஒருநாள் ஹனியா அதைப் பழைய துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய்ப் பரணில் வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

அந்த நாட்களில் என் துஆவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கை வர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அவன் அந்த வாசற்படியைத் தாண்ட வேண்டும். தாண்டி எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

தனகோடி பொம்மை என்கிற அந்தப் பெட்டி எப்போது வந்தது என்று கேட்டால், கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்ததுதான். டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி. இரண்டு கையாலும் பிடிக்கிற கைப்பிடி ஒன்று வரும், அதில் கட்டை விரலுக்கு இரண்டு குமிழ், ஆள்காட்டி விரலுக்குப் பொத்தான். ஒரு கை போனால் விளையாட்டும் போயிற்று. அலமாரியில் தூசி படிந்து கிடந்தது.

அவனோடு வேலை செய்த சரவணகுமார்தான் மறுபடி அதை இறக்கினான். வீட்டு அழைப்பு மணிக்கு வைக்கும் சுவிட்சுகளை ஒரு பலகையில் வரிசையாக அடித்து, பழைய கைப்பிடி ஒன்றைப் பிரித்து அதில் ஒயர் கொடுத்து, காலால் அழுத்துகிற மாதிரி செய்து கொண்டுவந்தான். இடது கை செய்ததைக் கால் செய்யும், வலது கை தன் வேலையைச் செய்யும். ஒரு தடங்கல். இரண்டு கைப்பிடி சொருகினால் பெட்டி இரண்டு ஆள் என்று நினைக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அதற்குச் சொல்லவேண்டும். கம்பெனி கொடுத்தபடி இருக்கும் பெட்டி அதைக் கேட்காது. உள்ளே மாற்ற வேண்டும்.

“தோ பாரு மச்சான், பென் டிரைவ் கொண்டாந்துகீறேன். சொருவு, ஆமான்னு அமுக்கு, வேல முடிஞ்சிச்சி” என்றான் சரவணகுமார்.

“இது எந்த வகைக்கு?” என்றான் உவைஸ்.

“இன்னா வகை? பொட்டின்னா பொட்டிதான். என் மாமா பையன் போட்டான், சோக்கா ஓடுது.”

“அவன் பொட்டி வேற, என் பொட்டி வேற. உள்ள இன்னா கீதுன்னு தெரியாம நான் ஒண்ணியும் சொருவ மாட்டேன்.”

“டேய், பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்ளோ விசாரிக்கலடா.”

அடுக்களையிலிருந்து ஹனியா குரல் கொடுத்தாள்: “நாந்தாண்ணே விசாரிச்சிருக்கணும்.”

ரொம்ப நாளைக்குப் பிறகு உவைஸ் சிரித்தான். சிரித்துவிட்டு பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்தப் பெட்டியைப் பற்றிப் போனில் படித்துக்கொண்டே இருந்தான். ஹனியா பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவாள். மத்தியான வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தியிருப்போம். டிவி வெளிச்சம் மட்டும் நீலமாகச் சுவரில் ஏறும், தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி அசையும். நான் பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கேட்பேன், அவன் சொல்லுவான்.

“நீ காலைல எய்ந்திரிக்கிற இல்ல நன்னிமா? உன் பேரு இன்னான்னு ஞாபகம் வர்றதுக்கு முன்னாடியே, இது கை, இது காலு, இது செவுருன்னு உள்ள ஏதோ ஒண்ணு சொல்லுது இல்ல? பொட்டிக்கும் அது மாதிரி ஒண்ணு கீது. அதான் ஃபர்ம்வேர். கேமு, படம் எல்லாம் அதுக்கு அப்பால.”

“சரி.”

“அதுல மூணு வகை கீது. ஒண்ணு கம்பெனி வச்சது. நாம புச்சா எது கேட்டாலும் முடியாதுன்னும். ஆனா ஒயுங்கா எய்ந்திரிக்கும். இன்னொண்ணு, வெளியாளுங்க அடியிலேருந்து மாத்தி எழுதுனது, கஸ்டம்னு பேரு. நாம சொன்னபடி கேக்கும். ஆனா பழைய பொட்டிங்களுக்கு மட்டுந்தான் ஒத்துக்கும். வேற பொட்டில போட்டா எய்ந்திரிக்கவே எய்ந்திரிக்காது. செங்கல்லுதான் அப்பால.”

“மூணாவது?”

“ரெண்டுங்கெட்டான். ஹைபிரிட். கம்பெனி வச்சது அப்டியே உள்ள இருக்கும். அதுல ஒரு ஜன்னல் மட்டும் நாம வச்சிக்கலாம். ஆனா அணைச்சா மறந்துடும். ஒவ்வொரு வாட்டி எய்ந்ததும் யாராவது போயி அந்த ஜன்னலைத் தொறந்து வுடணும்.”

வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: “நானும் அந்த மூணாவதுதான் நன்னிமா.”

ஒவ்வொரு காலையும் அவன் கண் விழித்து, இடது கையைக் கூப்பிட்டு, அது வராமல், அப்புறம் ஞாபகம் வந்து முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

பெட்டி எந்த வகையை ஏற்கும் என்பது வெளியே பார்த்தால் தெரியாதாம். கடைக்காரர்கள் மேல்மூடியை மாற்றிவிடுவார்களாம். அடியில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டில் எண் இருக்கும், அதுதான் சாட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை என் மடியில் குப்புறப் போட்டுக்கொண்டேன், கைப்பிள்ளையைக் குளிப்பாட்டப் போடுகிற மாதிரி. ஹனியா போன் விளக்கைப் பிடித்து எண்ணைப் படித்தாள். உவைஸ் இரண்டு தரம் திருப்பிப் படிக்கச் சொன்னான். பிறகு டிவியில் உள்ளே போய், இப்போது எத்தனையாவது பதிப்பு ஓடுகிறது என்று பார்த்தான். அது மேலே ஏறும், இறங்காது, ஏறிய பிறகு நம் மாற்று எதுவும் உள்ளே ஒட்டாதாம். ஏறிவிட்டால் ஏறினதுதான், அதனால் பெட்டி அப்டேட் வேண்டுமா என்று எத்தனை தரம் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் பெட்டி புதுசில் சேர்ந்தது. கஸ்டம் ஒத்துக்கொள்ளாது. சரவணகுமார் கொண்டுவந்தது அதுதான். அன்றைக்கு அமுக்கியிருந்தால் செங்கல்தான். சரவணகுமார் அதைக் கேட்டு, “பரவால்ல மச்சான், நம்ம ஊரு பேருலயே கல்லு கீது” என்று சொல்லிவிட்டு, இரண்டு டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

மூன்றாவது வகைதான் போட்டார்கள். பெட்டி எழுந்தது. உவைஸ் அந்த ஜன்னலைத் திறந்தான். காலும் கையும் ஒரே ஆள்தான் என்று பெட்டி ஒத்துக்கொண்டது.

அதில் ஒரு விளையாட்டு. ஒருத்தன் குதிரையில் கடற்கரையோரம் போவான். சண்டை எல்லாம் உண்டு. உவைஸ் சண்டைக்குப் போக மாட்டான், கரையோரமாகவே போவான். அலை சத்தம் வரும். நான் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். தூக்கத்தில் கொளவாய் ஏரிக்கு அலை வந்திருக்கும், ரயில் தண்ணீருக்கு மேல் போகும், உவைஸ் இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பிடித்திருப்பான். விழித்துப் பார்த்தால் பலகையில் கால் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பான், சுவரெல்லாம் நீலமாக இருக்கும். கனவு எது, டிவி எது என்று எனக்குப் பிரிக்க வராது.

“எவனோ வரைஞ்ச கடலை எத்தினி நாளுக்குப் பாப்ப? நெஜக் கடலு தோ கீது, மகாபலிபுரத்துல. ஒரு பஸ்ஸு” என்றேன் ஒருநாள்.

குதிரையைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனான்.

கால் பலகையைப் பற்றிச் சரவணகுமார் போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தான். அப்படித்தான் ஒரு மத்தியானம் போன் வந்தது. உவைஸ் போனை மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், இருக்கிற ஒரு கை கைப்பிடிக்கு வேண்டுமே. அதனால் எனக்கும் எல்லாம் கேட்டது.

“உவைஸ் தம்பியாப்பா? நான் மாமல்லபுரத்துலேர்ந்து சௌந்தரவல்லி பேசறேன். சரவணகுமார் நம்பர் குடுத்தான். எங்காத்து மாமா கோயில் மடப்பள்ளியில இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுத்து. முன்னே பிள்ளை ஹர்ஷவர்தனோட சேர்ந்து கார் ரேஸ் விளையாடுவார். பிள்ளை வெளிநாட்டுல இருக்கான், பெட்டி மட்டும் இங்க இருக்கு. இன்னிக்கு அவரே அதைக் காட்டி எடுன்னு சைகை பண்ணார். போட்டேன். இப்போ அது என்னவோ கேக்கறதுப்பா. அப்டேட் பண்ணட்டுமாங்கறது. சரின்னு குடுத்துடவா? மரியாதையாத்தான் கேக்கறது.”

“வேணாம்மா! கைய எடுங்க!”

“என் கைல இல்லையே. அவர் கைல இருக்கு. கட்டை விரலைப் பொத்தான் மேலயே வச்சிண்டிருக்கார்.”

உவைஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். “மொதல்ல வைஃபைய அணைங்கம்மா. அணைச்சிட்டீங்களா? அது ஏறிடுச்சின்னா எறங்காது. பொட்டிய அடியில பாருங்க, ஒரு சீட்டு ஒட்டிகீதா? அதுல நம்பரு படிங்க.”

பெட்டியைப் புரட்டுகிற சத்தம்.

“சீட்டு இருக்குப்பா. எழுத்துதான் இல்லை. வெள்ளையா இருக்கு.”

“எப்டிம்மா?”

“வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் இடுவேன். மேல இட்டா ஓட்டை வழியா உள்ள போயிடும்னு ஹர்ஷா சொன்னான். அதான் அடியில இட்டேன். மறுநாள் ஈரத்துணியால சுத்தமாத் துடைச்சுடுவேன். நன்னாத் துடைச்சுட்டேன் போலருக்கே!”

உவைஸ் கண்ணை மூடிக்கொண்டான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பெட்டி கெடக்கூடாது என்று சாமி காரியமாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள், பெட்டியின் பெயரே போய்விட்டது.

“எடுத்துடுங்கம்மா, மாமா கையிலேருந்து. இப்போதைக்கு அணைச்சி வச்சிடுங்க.”

அந்தப் பக்கம் குரல் தழைந்தது. “அவர் கைல எதையும் எடுத்துப் பிடிச்சே நாளாச்சுப்பா. ஸ்பூனை நான்தான் பிடிக்கறேன். இது ஒண்ணைத்தான் இன்னிக்குத் தானா எடுத்தார். எப்படிப் பிடுங்கறது?”

தொட்டியோரம் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை உவைஸுக்கு ஞாபகம் வந்திருக்குமா என்று என்னைக் கேட்டால், வந்தது என்றுதான் சொல்வேன். முகத்தைப் பார்த்தேனே.

“பிடுங்காதீங்கம்மா” என்றான்.

போனில் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சொல் தெளியவில்லை. கூழாங்கல்லை வாயில் வைத்துப் பேசுவது மாதிரி.

“என்னன்னா?” என்று சௌந்தரவல்லி கேட்டது எங்களுக்குக் கேட்டது. பிறகு போனில்: “அவர் கேக்கறார்ப்பா. நீ எப்போ வருவேன்னு.”

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். படுக்கையிலிருந்து எழாதவனும் அதையேதான் சொல்வான்.

“தோ, வந்துகினே கீறேன்னு சொல்லுங்க.”

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமாக இருந்தேன். ஏரிப் பக்கம் ஒரு ரயில் போனது, டம்ளர்கள் சிரித்தன. பிறகு பலகையிலிருந்து காலை எடுத்தான். போனைச் சட்டைப் பையில் போட்டான். ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

“பொட்டி எப்டி கீதும்மா? வெயிட்டா கீதா? மேல பளபளன்னு கீதா, சொரசொரன்னு கீதா?”

கேட்டுக்கொண்டே எழுந்தான். கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தான். அவன் செருப்பு அங்கே இல்லை, பரணில் துணிக்குள் இருந்தது. என்னுடையதுதான் கிடந்தது. குனிந்து பார்க்காமலே அதில் காலை நுழைத்தான். “வெயிட்டாத்தான் இருக்குப்பா, பழைய இரும்புப் பெட்டி மாதிரி” என்று அவன் மார்பிலிருந்து சௌந்தரவல்லி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அப்ப பழைய மாடலா இருக்கலாம். ஆனா மேல்மூடி மாத்தியிருக்கலாம், நேர்ல பாத்தாதான்...” என்றான். ‘பாத்தாதான்’ என்ற சொல்லில் வாசற்படியைத் தாண்டினான்.

குழாயடியில் தனகோடி நின்றாள். அவனைப் பார்த்ததும் குடத்தை விட்டாள், வாயைத் திறந்தாள். நான் வாசலிலிருந்து உதட்டின் மேல் விரலை வைத்து, கண்ணை உருட்டினேன். ஒரு சொல், ஒரு ‘எங்கப்பா போற’ காதில் விழுந்தாலும் போதும், திரும்பிவிடுவான் என்று எனக்குப் பயம். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு மூடிய வாயைத்தான் மறுநாளிலிருந்து இப்படித் திறந்து வைத்திருக்கிறாள். திறந்துகொள்ளட்டும்.

என் செருப்பு அவனுக்குப் பத்தவில்லை. குதிகால் பின்னால் மண்ணில் பட்டுப் பட்டுப் போனது. இடது கை பக்கவாட்டில் தன்பாட்டில் ஆடியது. மகாபலிபுரம் பஸ் நிற்கும் பக்கமாகத் திரும்பினான். “மாமாவ அப்டியே குந்தச் சொல்லுங்க, ஒண்ணியும் அமுக்க வேணாம்” என்று அவன் சொன்னது கடைசியாகக் கேட்டது.

வெறுங்காலோடு வாசலில் நின்றேன். தரை சுட்டது. உள்ளே டிவியில் அந்தக் குதிரை, ஏறி உட்கார்ந்தவன் அசையாமல், கடலைப் பார்த்தபடி நின்றது. எனக்கு அதை அணைக்கத் தெரியும். நான் அணைக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை.